மார்கழிக் காலையில் நாயுடன் காட்டு நடை

கோவில்பட்டியிலிருந்து புதூர் வரை பரந்துள்ள கரிசல் வட்டாரத்தில் 'காட்டுக்குப் போகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் அடர்ந்த வனத்தைக் குறிப்பதில்லை. தமது மானாவாரி நிலத்தையும், அதை ஒட்டிய ஓடைக்கரையையும், உடைமரங்களையுமே குறிக்கிறார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வரும் மார்கழி, தை மாதங்களில் இந்தக் காடு மிக அழகாக இருக்கும். கம்பும் சோளமும் கதிர் பிடித்து நிற்கும். கொத்தமல்லி வெள்ளையாகப் பூத்திருக்கும். வடக்கிலிருந்து வலசை வந்த பூனைப்பருந்துகள் பயிர்களின்மேல் தாழ்ந்து பறக்கும். நடைப்பயிற்சியைத் தொடங்க இதைவிட ஏற்ற காலம் நம் ஊரில் இல்லை.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாங்கள் இதை எழுதிக் கொடுத்தாலும் பலர் சில நாள்களிலேயே விட்டுவிடுகின்றனர். நாய் வளர்ப்போர் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. விடிந்ததும் வாசலில் வந்து நிற்கும் நாயிடம் சாக்குப்போக்கு செல்லாது. அது புதருக்குப் புதர் நின்று மோப்பம் பிடிப்பதும் முதியோருக்கு நல்லதே. மூச்சு சீராக அந்த இடைவெளி போதும். நடந்தபடியே நாயோடு பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் மிகுதி என்று பொருள். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் உடனே நின்றுவிட்டு, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

நம் பகுதியின் கன்னி, சிப்பிப்பாறை ஆகியவை இரையைக் கண்ணால் கண்டதும் பாயும் நாய்கள். ஒரு முயல் குறுக்கே ஓடினால் போதும். ஆகவே கயிற்றைக் கையில் பிடிக்கலாம். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. எலும்பு வலுவிழந்தவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும் நாயை இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு உடன் நடப்பதே மேல். (முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவூட்டுகிறோம்.)

நாங்கள் மிகவும் அஞ்சுவது முள்ளைத்தான். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பை எளிதாகத் துளைத்து ஏறும். முள் தைத்த நாய் உடனே காலைத் தூக்கி நொண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவரோ அதே முள்ளோடு நெடுந்தூரம் நடந்து வீடு வந்து சேர்வார். வலி இல்லாததால் அவருக்குத் தெரியாது. சில நாள் கழித்துச் சீழும் நாற்றமும் கண்ட பிறகே குடும்பத்தினர் அறிகின்றனர். அதற்குள் நோய்த்தொற்று எலும்பை எட்டியிருந்தால் விரலையோ காலையோ இழக்க நேரிடலாம். ஆகவே தடித்த அடிப்பகுதி கொண்ட, விரல்களை மூடிய காலணி அணிந்தே செல்ல வேண்டும். திரும்பியதும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளின் ஈரத்தைத் துடைத்து, உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய இயலாதவருக்கு வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்லலாம். நாயின் பாதத்தில் முள் தேடும் பிள்ளைகள் தாத்தாவின் பாதத்தையும் பார்க்கட்டும். ஊக்கால் குத்தி முள்ளெடுக்க முயல வேண்டாம். புண்ணை நாய் நக்கவும் விடக் கூடாது.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் புறப்படக் கூடாது. சில மாத்திரைகளும் சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடியவை. உங்கள் மாத்திரை அத்தகையதா என்று கேட்டறியுங்கள். வழியில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ 15 கிராம் குளுக்கோஸையோ உடனே உட்கொள்ள வேண்டும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பலரின் சட்டைப்பையில் இருக்கிறது. அதிலுள்ள கடலையின் கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால் அந்த வேளைக்கு அது உதவாது. தெளிந்த பிறகு சாப்பிடலாம்.

இருட்டில் புறப்பட வேண்டாம். விரியன் பாம்புகள் கண்ணுக்குத் தெரிய வெளிச்சம் வேண்டும். நாய் கடித்தாலோ கீறினாலோ, அது வீட்டு நாயே ஆயினும், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ தடவக் கூடாது. தோலினுள் போடும் வெறிநாய்த் தடுப்பூசியை முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களிலும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி தேவை.

மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் உண்ணிக் காய்ச்சலும் மிகுதி. புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிகள் கடிப்பதால் அது பரவுகிறது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டதுபோன்ற வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று காணப்படலாம், எல்லோருக்கும் காணப்படுவதில்லை. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையில் குணமாகும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். காட்டுக்குச் சென்று வந்தவருக்கு அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், புதர்ப்பக்கம் நடந்து வந்ததை அவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.