உப்புக்காற்று ஊரில் போட்டோ பிரிண்டர்: சில குறிப்புகள்

பாலையூற்று போலத் துறைமுகத்தை அண்டிய ஊர்களில் போட்டோ பிரிண்டரைக் கெடுப்பவை இரண்டு: மாரிகால ஈரம், பாவிக்காமல் சும்மா வைத்திருப்பது.

1. எப்போதாவது படம் அடிப்பவர்களுக்கு இன்க்ஜெட் வேண்டாம். மைத்துளைகள் காய்ந்து அடைத்துவிடும். சூட்டினால் நிறமேற்றும் கெனன் செல்ஃபி போன்ற சின்ன இயந்திரம் தோதானது. மஞ்சள், மெஜந்தா, சயன், கடைசியில் பாதுகாப்புப் படலம் என்று ஒரே தாள் நான்கு தடவை உள்ளே போய் வரும். காய்ந்துபோகத் திரவ மையே இல்லை. 108 தாள் பெட்டியிலேயே அதற்கான ரிப்பனும் இருப்பதால், ஒரு படத்துக்கு என்ன செலவு என்பது வாங்கும்போதே தெரிந்துவிடும்.

2. கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பிரிண்டரா? பிளக்கைச் செருகுமுன் லேபலைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. “100–240” என்றிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். சில பிரிண்டர்கள் தாம் விற்கப்பட்ட நாட்டுப் பகுதிக்கான காட்ரிட்ஜை மட்டுமே ஏற்கும். அது இங்கே கிடைக்குமா என்று முதலில் கடையில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் மாமாவின் அன்பு மேசையில் அலங்காரமாக இருக்கும்.

3. வைஃபை பிடிக்கவில்லையா? விலை குறைந்த பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டுமே இணையும். ரவுட்டரில் அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

4. இன்க்ஜெட்டை முதலில் அதன் பொத்தானால் நிறுத்துங்கள், பிறகுதான் சுவர் சுவிட்ச். அப்போதுதான் மைத்தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். அடிக்கும்போது கறண்ட் நின்றால், வந்ததும் ஒருமுறை போட்டு முறையாக நிறுத்திவிடுங்கள். வாரம் ஒரு வண்ணப் பக்கம் அடிப்பது நல்லது. மைத்தலையைச் சுத்தம் செய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மை அதிலேயே தீரும்.

5. ஈரம் குடித்த போட்டோக் கடதாசி வளையும், மை பரவும். பிரித்த பக்கற்றைச் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அடிக்குமுன் கடதாசி வகையில் “போட்டோ” என்பதைத் தெரிவு செய்யுங்கள். சாதாரணத் தாள் என்றே விட்டுவிட்டு, நிறம் வெளிறிவிட்டது என்று பிரிண்டரைத் திட்டுபவர்கள் அதிகம்.

6. 4×6 அங்குலப் படத்துக்கு 1200×1800 புள்ளிகள் இருந்தால் கச்சிதம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் சுருங்கியிருக்கும். 4×6க்கு ஒப்பேறும், ஏ4இல் உடைந்து தெரியும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று: போன் கமராவின் அளவு 4:3, இந்தத் தாளோ 3:2. லூர்து அன்னை ஆலயத்தில் பிள்ளைகளின் முதல் நன்மைக்கு எடுத்த குழுப்படத்தை அப்படியே அடித்தால், பின்வரிசையின் தலையோ முன்வரிசையின் காலோ போய்விடும். வெட்டுவதை நீங்களே போனில் 3:2க்கு வெட்டுங்கள்.

7. இன்க்ஜெட் படத்தை ஒருநாள் காயவிட்டே அல்பத்தில் வையுங்கள். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் முட்டாதபடி சுற்றிலும் மட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாரியில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் சுவர் வேண்டாம்.

8. அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் படங்களை வீட்டில் அடிக்கவே வேண்டாம். அவற்றுக்கு, அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும்.