முதுகெலும்பும் குடிநீரும்

நம் தர்மபுரி ஜில்லாவில் வளைந்த முதுகுடன் நடமாடும் பெரியோரை எல்லோரும் கண்டிருக்கிறோம். "உழைத்து வளைந்த முதுகு, வயதானால் அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இது பாதி உண்மையே. உழைக்கும் முறையினால் வரும் கூனல் ஒன்று. குடிக்கும் தண்ணீரினால் வரும் கூனல் மற்றொன்று. முன்னதை அவரவர் பழக்கத்தால் தடுக்கலாம். பின்னதைத் தடுக்க ஊரார் ஒன்றுகூட வேண்டும். ஆகையால் இவ்விரண்டையும் பகுத்தறிதல் சங்க அங்கத்தினர் அனைவருக்கும் அவசியமாகும்.

1. முதுகெலும்பின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. 33 சிறு எலும்புகளின் அடுக்கு. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 ஆக 24 எலும்புகள் அசையக்கூடியவை. அவற்றின் கீழுள்ளவை ஒன்றோடொன்று இணைந்து போனவை. அசையும் எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற சவ்வுத் தட்டுகள் உள்ளன. நிமிர்ந்து நிற்கையில் உடலின் பாரம் இவ்வடுக்கின்மேல் நேராக இறங்குகிறது. முன்னே குனிந்தாலோ அப்பாரத்தை முதுகுத் தசைகள் இழுத்துப் பிடிக்க நேரிடுகிறது. நீண்ட மூங்கிலின் நுனியில் கட்டிய சுமை கைக்கு அதிகப் பாரமாயிருப்பது போன்றதே இது. மேலும், எந்நேரமும் கூனி இருப்போருக்கு மார்பு ஒடுங்குவதால் மூச்சு நிறைய இழுக்க இயலாது.

2. உழைப்பினால் வரும் கூனல்

களையெடுப்போர், நாற்று நடுவோர், மூட்டை சுமப்போர், குனிந்து கணக்கெழுதும் சங்கக் காரியதரிசி ஆகிய எல்லோருக்கும் இது வரக்கூடும். இதன் அடையாளம், இளைப்பாறினால் வலி குறைவதும், முயன்றால் முதுகு நிமிர்வதுமேயாம். கீழ்க்கண்ட விதிகளை அனுசரிக்கலாம்.

(அ) மூட்டையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சுமையை மார்போடு அணைத்து, கால்களின் பலத்தால் எழவேண்டும். தூக்கியபின் இடுப்பைத் திருகலாகாது.

(ஆ) குனிந்து செய்யும் வேலையில் அரைமணிக்கு ஒருதரம் எழுந்து, கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்னால் சற்றுச் சாயவேண்டும்.

(இ) ஒரே இடுப்பில் எப்போதும் குடம் சுமக்கலாகாது. பக்கம் மாற்றிச் சுமப்பதும், பெரிய குடத்துக்குப் பதில் சிறு குடங்களாகக் கொண்டுவருவதும் நலம்.

(ஈ) துடைப்பத்துக்கும் களைக்கொட்டுக்கும் நீண்ட பிடி போடலாம். எழுதுவோர் புத்தகத்தைத் தரையில் வையாமல் சாய்மேஜையின்மேல் வைத்து எழுதலாம்.

3. தண்ணீரினால் வரும் கூனல்

நம் பிரதேசத்துப் பாறைகளில் புளோரைடு என்னும் உப்புப் பொருள் உண்டு. அது ஊற்று நீரில் கரைந்து கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் வருகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலமென்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்தும் 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாதென்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

அளவு மிஞ்சிய நீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் முதலில் மஞ்சளும் பழுப்புமான கறைகள் தோன்றும். பல வருஷங்கள் குடித்தால் இப்பொருள் எலும்பில் தங்கி, எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களையும் எலும்பைப்போல் இறுகச் செய்கிறது. அசையவேண்டிய 24 எலும்புகளும் ஒரே கழிபோல் ஆகிவிடுகின்றன. நோய் முற்றினால் நரம்புகள் நெருக்குண்டு கால்கள் செயலிழப்பதும் உண்டு.

1937ம் வருஷத்தில், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில், ஷார்ட் முதலிய வைத்தியர்கள் இந்நோயை ஆராய்ந்து வெளியிட்டனர். நம் ஜில்லாவிலும், 2004ல் இதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் இத்தொல்லை இருந்தமையாலேயே, ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ல் அஸ்திவாரம் இடப்பட்டு, 2013ல் காவேரி நீர் வழங்கத் தொடங்கப்பெற்றது.

4. மூன்று சோதனைகள்

வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை:

முதலாவது: முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுதல்.

இரண்டாவது: மோவாயால் மார்பைத் தொடுதல்.

மூன்றாவது: கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, பின் மடக்கிப் பிடரியைத் தொடுதல்.

இவற்றைச் செய்ய முடியாமல் விறைப்போ வலியோ உண்டானால் உடனே இந்நோயென்று அஞ்சவேண்டாம். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, தாம் குடிக்கும் நீர் இன்னதென்று வைத்தியரிடம் தவறாது சொல்லவேண்டும்.

5. செய்யத்தக்கவை

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு இன்னும் அதிகமாகும். ஆகையால் வேறு நல்ல நீரைத் தேடுவதே முதல் பரிகாரம். காவேரி நீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதனையே வைத்துக்கொண்டு, துவைக்கவும் கழுவவும் மட்டும் குழாய்க் கிணற்று நீரை உபயோகிக்கலாம். சமையலை மறந்து குடிக்க மட்டும் நல்ல நீரை வைத்தல் போதாது. களி கிண்டும் நீரும் வயிற்றுக்குள் செல்வதே. சுத்தமான கூரையினின்று பிடித்து மூடி வைத்த மழைநீரும் நன்று.

சுண்ணாம்புச் சத்துக் குறைந்தவர்களை இந்நோய் அதிகம் வருத்துகிறது. நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதனுடன் பால், மோர், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஆயினும் இறுகிப்போன எலும்பைப் பழையபடி ஆக்கும் மருந்து கிடையாது. வருமுன் காத்தலே வழி.

6. சங்கத்தின் கடமை

கடனுக்கு நிலத்தை ஈடு என்று எழுதிக்கொள்கிறோம். அந்நிலத்தில் விளைவிப்பது உழைப்பவனுடைய முதுகு. நாற்பது வயதில் அது இறுகிவிட்டால் தவணை நிற்கும். குடும்பம் வெளியில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கும். ஆகவே இது சங்கக் காரியமன்று என்று தள்ளலாகாது. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் செய்யலாம்:

(1) ஊரிலுள்ள குடிநீர்க் கிணறு, குழாய் யாவற்றையும் ஜாபிதா எடுத்து, ஒவ்வொன்றின் நீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, முடிவைச் சங்கக் கட்டிடத்தின் வாயிலில் எழுதி ஒட்டுதல்.

(2) உபாத்தியாயர் உதவியுடன் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்து, கறை கண்ட பிள்ளைகள் எந்த நீரைக் குடித்து வளர்ந்தார்களென்று விசாரித்தல்.

(3) காவேரி நீர் வராத தெருக்களைக் குறித்துப் பஞ்சாயத்தாருக்கு மனுக் கொடுத்தல்.

வளைந்துபோன பெரியோரை நிமிர்த்த நம்மால் இயலாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பது நம் ஏற்பாட்டைப் பொறுத்தது.