மலையும் மண்ணும் கிள்ளான் ஆறும்

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் நிற்கும்போது, மேலிருந்து ஒரு துளி நீர் நம் தோளில் விழுவதுண்டு. அதை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அவ்வளவு பெரிய குகையைக் குடைந்தவை அத்தகைய நீர்த்துளிகளே. நாம் பால்மரம் வெட்டும் நிலத்தின் மண்ணும் நீரின் வேலையால் உண்டானதே. அம்மண் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதை அறியக் கிள்ளான் பள்ளத்தாக்கு நல்லதொரு பாடநூலாகும்.

மூவகைப் பாறைகள்

பத்துமலை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தது. கடலடியில் படிந்த சுண்ணச் சேறு இறுகிக் கல்லாயிற்று.

கிழக்கே உயர்ந்து நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. பூமியின் ஆழத்தில் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாக இறுகியது. மேலிருந்த பாறைகள் தேய்ந்து நீங்கிய பின்னரே அது வெளியே தெரிந்தது.

மூன்றாவது, படிகக்கல் எனப்படும் குவார்ட்ஸ். உலு கிள்ளான் அருகே 14 கிலோமீட்டருக்கும் மேல் சுவர்போல் நீண்டு கிடக்கும் குன்று இக்கல்லால் ஆனது. எளிதில் தேயாத அச்சுவரையும் கிள்ளான் ஆறு அறுத்து வழி கண்டது. அந்த இடுக்கிலேதான் 1958-ஆம் ஆண்டில் கிள்ளான் கேட்ஸ் அணை கட்டப்பட்டது.

பாறை மண்ணாவது எப்படி?

மழைநீர் காற்றிலிருந்தும் மக்கிய இலைகளிலிருந்தும் கரியமிலவாயுவை ஏற்று, மெல்லிய அமிலமாகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. குகைகள் இவ்வாறே தோன்றின.

கருங்கல்லோ முழுதும் கரைவதில்லை; உளுத்துப் போகிறது. அதிலுள்ள ஒரு பகுதி களிமண்ணாகிறது. படிகத் துணுக்குகள் மணலாகின்றன. இரும்புச் சத்து துருவேறிச் சிவக்கிறது. நம் தோட்டத்துச் செம்மண் பாதையின் நிறம் அத்துருவின் நிறமே. வெப்பமும் மழையும் மிகுந்த நம் நாட்டில், சில இடங்களில் 30 மீட்டர் ஆழம் வரை பாறை இவ்வாறு உளுத்திருக்கும். குன்றை வெட்டிச் சாலை போட்ட இடத்தைக் கவனியுங்கள். மேலே செம்மண், அதன்கீழ் கையால் பொடிக்கக்கூடிய கல், அதற்கும் கீழே கெட்டிப் பாறை.

ஆறு செய்யும் தரம் பிரிப்பு

உளுத்த மண்ணை மழை அடித்துவர, ஆறு அதை முறத்தில் புடைப்பது போலப் பிரிக்கிறது. கனமான ஈயத்தாது பள்ளத்தாக்கின் சரளையில் தங்கியது. அதைத் தேடியே 1857-ஆம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளானிலிருந்து படகில் வந்து, கோம்பாக் ஆறு கலக்கும் இடத்தில் இறங்கி, அம்பாங் நோக்கிக் காட்டு வழியே நடந்தனர். அக்கூடலருகே வளர்ந்த ஊர் கோலாலம்பூர். ‘கோலா’ என்றால் ஆறுகள் கூடுமிடம். ‘லும்பூர்’ என்றால் சேறு.

1881-ஆம் ஆண்டில் தீயும், பின்னர் வெள்ளமும் அவ்வூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்தன. இனிச் செங்கல்லால் கட்டவேண்டும் என்று முடிவாயிற்று. ஆற்றோரக் களிமண்ணைச் சுட்டுச் செங்கல் அறுத்த சூளைகளே பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன. எஞ்சிய மென்சேறு, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பயணம் செய்து, கிள்ளானைக் கடந்து கடலோரச் சதுப்புநிலமாகப் படிகிறது.

கவனம் தவறினால்

நீரின் வேலை இன்றும் நிற்கவில்லை. மரம் அழிந்த சரிவில் பல ஆண்டு வேலையை ஒரே அடைமழை முடித்துவிடும். கரைந்த மண் ஆற்றின் அடியை மேடாக்க, வெள்ளம் கரை தாண்டும். 1971 ஜனவரியில் கோலாலம்பூரும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா வட்டாரமும் நீரில் மூழ்கின. 1993 டிசம்பர் 11-ஆம் நாள், பல நாள் மழைக்குப் பின் உலு கிள்ளானில் சரிவு இடிந்து, ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்தது. 48 உயிர்கள் பலியாயின.

நாம் செய்யக்கூடியவை

மேட்டுநிலத்தில் மரங்களைச் சரிவின் குறுக்கே, படிப்படியாக வெட்டிய வரிசைகளில் நடுவது வெறும் வழக்கமன்று. மண்ணைக் காக்கும் வேலி. வரிசைகளுக்கிடையே படரும் பயற்றங்கொடிகளைக் களையென்று எண்ணி அழிக்கக் கூடாது. மண்ணைப் பிடிக்க வெட்டிய குழிகள் நிறைந்தால், அம்மண்ணை மேலே மரத்தடியில் இடுங்கள். கால்வாயில் குப்பை கொட்டாதீர்கள்.

வீட்டின் பின்புறச் சரிவில் புதிதாக வெடிப்புத் தெரிந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, மண்ணிலிருந்து கலங்கல் நீர் ஊறினாலோ, மழை நிற்கட்டும் என்று காத்திராதீர்கள். பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள். அண்டை வீட்டாரையும் எழுப்புங்கள். பின்னர் 999 எண்ணுக்கு அழையுங்கள். பொருளை மீண்டும் தேடிக்கொள்ளலாம். உயிரைத் தேட முடியாது.

பிள்ளைகளோடு சிந்திக்க

1. உங்கள் தோட்டத்து ஓடை எந்த ஆற்றில் கலக்கிறது?
2. மழை பெய்ததும் அந்த ஓடை என்ன நிறமாகிறது? ஏன்?
3. அந்த மண் எந்தச் சரிவிலிருந்து வருகிறது? அதை அங்கேயே நிறுத்த வழி என்ன?