மூன்றரை ஜிபியும் என் மச்சானும்

விண்டோஸ் 11 போட்ட 8 ஜிபி கம்ப்யூட்டர், எதையும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே மூன்றரை ஜிபியைப் பிடித்து வைத்திருக்கும். அது நோயல்ல, அதன் சுபாவமே அதுதான். மச்சானிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

"மாமா, சும்மாவே 45 சதவீதம் தின்னுது. விட்டா ஃபோட்டோஷாப் எப்படி ஓடும்?" என்று உட்கார்ந்தான். ராம் கிளீனர் ஒன்றைப் போட்டான். எண் குறைந்தது உண்மை. ராமிலிருந்து விரட்டியதை அடுத்த கிளிக்கிலேயே டிஸ்கிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். ராமுக்குத் துணையாக டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலையும் அணைத்துவிட்டுப் போனானே, அதுதான் வினை. மென்பொருள்கள் கேட்கும் நினைவகத்துக்கெல்லாம் விண்டோஸ் முதலில் வாக்குக் கொடுத்து வைக்கும். வாக்கின் உச்சவரம்பு ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவு. பேஜ் ஃபைல் போனால் ராம் மட்டும்தான் வரம்பு. பந்தியில் இலை காலியாகக் கிடக்கும், டோக்கன் தீர்ந்திருக்கும்; அந்தக் கதைதான். டாஸ்க் மேனேஜரில் ராம் மிச்சம் காட்டும்போதே, கொடுத்த வாக்கின் கணக்கான 'கமிட்டட்' வரம்பைத் தொட்டுவிட்டது. முகூர்த்த சீசனில், கல்யாண ஆல்பம் பாதியில் இருக்க, நினைவகம் போதவில்லை என்று சொல்லி ஃபோட்டோஷாப் மூடிக்கொண்டது. பெண் வீட்டாரிடம் பேச்சு வாங்கியது நான். "சேவ் பண்ணியிருக்கலாமே" என்றான் மச்சான்.

உங்களிடமும் 8 ஜிபிதான் இருக்கும், ஆல்பம் வேலைதான் ஓடும். பேஜ் ஃபைலை விண்டோஸ் பொறுப்பிலேயே விடுங்கள். கிளீனரைத் தூக்கி எறியுங்கள். ஸ்டார்ட்அப்பில் வேண்டாததை நிறுத்துங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் முதல் செலவு எஸ்எஸ்டிக்கு. 'இன் யூஸ்' எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள்; பார்க்க வேண்டியது 'அவைலபிள்'. அடிக்கடி திறப்பவற்றை விண்டோஸ் முன்கூட்டியே எடுத்து வைக்கிறதே, விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச், இப்போது சிஸ்மெயின், அந்தச் சேமிப்பும் 'அவைலபிள்' எண்ணுக்குள்தான் அடக்கம். கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும்.

வேலை நடக்கும்போது 'அவைலபிள்' சில நூறு எம்பிக்கு இறங்கி, டிஸ்கும் 100 சதவீதத்திலேயே நின்றால் மட்டும் ராம் வாங்குங்கள். நான் 16 ஜிபி ஆக்கிவிட்டேன். இடம் கூடியதால் சும்மா இருக்கும்போது இப்போது 5 ஜிபி காட்டுகிறது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.