மூன்று பள்ளிகளும் ஏனைய பள்ளிகளும்: பள்ளிவாசலின் புனிதமும் தமிழகத் தலக் கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

இஸ்லாத்தில் மக்கா, மதீனா, ஜெரூசலம் ஆகிய மூன்று நகரங்களின் பள்ளிகளுக்கு மட்டுமே பயண நோக்கிலான தனிச்சிறப்பு உரைக்கப்பட்டுள்ளது. தமிழகத்தின் பழம்பள்ளிகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் பழமையைப் புனிதத்தின் அளவாகக் கொள்வது உண்டு. பள்ளிவாசலின் புனிதம் எவற்றால் அமைகிறது என்பதைத் திருக்குர்ஆன், நபிமொழி ஆகியவற்றின் வழி வரையறுத்து, கோவளம் கடற்கரையையும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தையும் சான்றாகக் கொண்டு, பழமையும் புனிதமும் வேறு வேறு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளி, தலம், கிப்லா, தர்கா, தலப் பிரபந்தம்

முன்னுரை

தமிழ்ச் சமய மரபில் ‘தலம்’ என்பது தரவரிசை உடைய கருத்தாகும். தேவாரம் பெற்ற ஊர் பாடல் பெற்ற தலமாகிறது. ஆழ்வார்களின் மங்களாசாசனம் பெற்ற ஊர் திவ்விய தேசமாகிறது. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் திருவிடந்தையும் கடல்மல்லைத் தலசயனமும் திருமங்கையாழ்வாரின் பாசுரங்களால் இத்தகுதியைப் பெற்றன. திருவிடந்தைக்கு வடக்கே அண்மையில் உள்ள கோவளத்தில் தமீமுல் அன்சாரி தர்கா அமைந்துள்ளது. நபித்தோழர் ஒருவரின் அடக்கத்தலமாக அது மக்களால் நம்பப்படுகிறது. இத்தகைய சூழலில் வாழும் தமிழ் ஆய்வாளர், ‘புனிதப் பள்ளிவாசல்’ என்னும் தொடரைத் தலக் கருத்தின் வழியாகவே புரிந்துகொள்ள இடமுண்டு. அப்புரிதல் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இங்கு எழும் வினா.

பள்ளி என்னும் சொல்

‘மஸ்ஜித்’ என்னும் அரபுச் சொல் ‘சுஜூது’ என்னும் சொல்லோடு ஒரே வேரினது. நெற்றி நிலத்தில் படப் பணியும் இடம் என்பது அதன் பொருள். தமிழில் இதற்கு வழங்கும் ‘பள்ளி’ துயிலிடம், ஊர், கல்விக்கூடம், சமண பௌத்தத் துறவியர் உறைவிடம் எனப் பல பொருள் உடையது. தலசயனத்தில் பெருமாள் தரையில் பள்ளிகொண்டிருப்பதாகச் சொல்லும்போதும் இச்சொல்லே பயில்கிறது. இஸ்லாமியத் தொழுமிடத்திற்கு இச்சொல் வழங்கியமைக்கு 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துத் திருப்புல்லாணிக் கல்வெட்டு சான்றாகும். அது சோனகருக்குரிய ‘பிழார்ப்பள்ளி’யைக் குறிப்பிடுகிறது.

கோயில் என்பது தலைவன் உறையும் இல்லம். பள்ளியோ மக்கள் தங்கி ஒழுகும் இடம். உருவமோ கருவறையோ இல்லாத தொழுமிடத்திற்குக் ‘கோயில்’ என்பதைக் காட்டிலும் ‘பள்ளி’ என்பதே பொருந்திவந்தது எனக் கருதலாம்.

மூன்று பள்ளிகளின் சிறப்பு

மஸ்ஜிதுல் ஹராம், மஸ்ஜிதுன் நபவி, மஸ்ஜிதுல் அக்ஸா ஆகிய மூன்றைத் தவிர வேறு பள்ளிகளை நாடிப் பயணம் மேற்கொள்ள வேண்டியதில்லை என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. இம்மூன்றின் சிறப்புக்கும் தனித்தனிக் காரணங்கள் உள்ளன.

மக்காவின் கஅபா, மனிதருக்கென அமைக்கப்பட்ட முதல் வணக்க இல்லமாகத் திருக்குர்ஆனில் (3:96) சுட்டப்படுகிறது. அது உலகத் தொழுகையாளர் அனைவரும் முகம் திருப்பும் திசையாகும். மதீனாப் பள்ளி, கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்தை அடுத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தோழர்களுடன் சேர்ந்து எழுப்பியது; தொழுகை, கல்வி, வழக்குத் தீர்ப்பு ஆகிய அனைத்துக்கும் அது நடுவிடமாக விளங்கியது. அக்ஸா, இரவுப் பயணத்தின் எல்லையாகத் திருக்குர்ஆனில் (17:1) குறிக்கப்படுகிறது. மேலும், ஹிஜ்ரத்திற்குப் பின் 16 அல்லது 17 மாதங்கள் வரை முஸ்லிம்கள் ஜெரூசலம் நோக்கியே தொழுதனர். பின்னர் இறங்கிய வசனத்தால் (2:144) திசை மக்காவுக்கு மாறியது.

மஸ்ஜிதுல் ஹராமில் தொழும் தொழுகை பிற இடங்களில் தொழுவதைவிட 1,00,000 மடங்கும், மதீனாப் பள்ளியில் தொழுவது 1,000 மடங்கும் மேலானது என அறிவிப்புகள் உரைக்கின்றன. அக்ஸாவைப் பற்றி 500 என்றும் 250 என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஹிஜ்ரத்தின்போது எழுந்த குபாப் பள்ளிக்கும் ஒரு சிறப்பு உண்டு. இறையச்சத்தின்மீது நிறுவப்பட்ட பள்ளி எனத் திருக்குர்ஆன் (9:108) போற்றுவது அதனையே என்பர் விரிவுரையாளர் பலர். அங்குத் தொழுவது உம்ராவுக்கு நிகர் என்னும் அறிவிப்பும் உண்டு. ஆயினும் அது மூன்றனுள் எண்ணப்படவில்லை.

இச்சிறப்புகள் அனைத்தும் இறைமொழியாலும் நபிமொழியாலும் அமைந்தவை. கட்டடத்தின் வயது, வேலைப்பாடு, கட்டியவரின் பெருமை ஆகியவை இங்குக் காரணமாகக் கூறப்படவில்லை.

ஏனைய பள்ளிகளின் புனிதம்

பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது என்பது மற்றொரு நபிமொழியின் கருத்து. அவ்வாறாயின் ஊர்ப் பள்ளிக்குத் தனிப் புனிதம் ஏது? பள்ளிகள் இறைவனுக்கே உரியவை என்னும் வசனம் (72:18) இதற்கு விடையாகிறது. வக்பு செய்யப்பட்ட இடம் தனியார் உடைமையிலிருந்து நீங்கிவிடுகிறது. அதன் பின் அங்கு வணிகம் கூடாது. காணாமற்போன பொருளை அறிவித்துத் தேடுதல் கூடாது. நுழைந்தவுடன் இரண்டு ரக்அத் தொழுவது விரும்பத்தக்கது. இஃதிகாப் இருப்பதற்கு உரிய இடமும் அதுவே. எனவே ஊர்ப் பள்ளியின் புனிதம் ஒழுகலாற்றால் அமைவது. இந்த ஒழுகலாறு எல்லாப் பள்ளிகளுக்கும் ஒன்றே.

இதன் விளைவு தமிழக வரலாற்று ஆய்வுக்கு இன்றியமையாதது. கீழக்கரை ஜும்ஆப் பள்ளியின் கருங்கல் தூண்கள் திராவிடக் கட்டடக் கலைக்கு அரிய சான்றுகள். காயல்பட்டினம், மதுரை ஆகிய ஊர்களின் பழம்பள்ளிகளும் அவ்வாறே வரலாற்று மதிப்பு உடையவை. எனினும் சமய நெறியில், நேற்றுக் கட்டி வக்பு செய்யப்பட்ட சிற்றூர்ப் பள்ளியைவிட அவை தலத் தகுதியில் மேலானவை அல்ல. பழமையைப் புனிதமாக எழுதும்போது, கட்டடத்தின் வரலாற்று மதிப்பும் சமயத்தின் சமத்துவக் கோட்பாடும் ஒருங்கே மறைந்துபோகின்றன.

பள்ளியும் தர்காவும்

கோவளத்திற்கு வெளியூர்களிலிருந்து வருவோர் நாடி வருவது அடக்கத்தலத்தை. இது ‘ஜியாரத்’ எனப்படும். மூன்று பள்ளிகள் பற்றிய நபிமொழி இத்தகைய பயணத்தையும் தடுக்குமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அடக்கத்தலங்களை நோக்கமாகக் கொண்ட பயணத்தை இப்னு தைமிய்யா (1263–1328) மறுத்தார். அவருக்கு முன் வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) வேறு விளக்கம் தந்தார். மூன்றைத் தவிர்த்த ஏனைய பள்ளிகள் தம்முள் சமமானவை என்பதால் அவற்றுள் ஒன்றை நாடிச் செல்வதில் பொருளில்லை. பெரியார்களின் அடக்கத்தலங்களோ அவ்வாறு சமமானவை அல்ல என்பது அவர் விளக்கத்தின் சாரம். ஜியாரத்தை ஏற்பவரும் மறுப்பவரும் பள்ளிகளின் சமநிலையில் முரண்படவில்லை என்பது நோக்கத்தக்கது. முரண்பாடு தர்காவைப் பற்றியதே.

தமிழ் இலக்கிய வகைமையிலும் இவ்வேறுபாடு புலப்படுகிறது. ஆலிப் புலவரின் மிகுராசு மாலை இரவுப் பயணத்தையும் விண்ணேற்றத்தையும் பொருளாகக் கொண்டது. அதன் வழி அக்ஸா தமிழ்ச் செய்யுளில் இடம்பெற்றது. தலத்தை முன்னிறுத்தும் கலம்பக வகையில் ‘மக்காக் கலம்பகம்’, ‘நாகூர்க் கலம்பகம்’ என்னும் நூல்கள் எழுந்தன. முன்னது கஅபாவின் ஊர். பின்னது இறைநேசரின் அடக்கத்தலம் அமைந்த ஊர். தலப் பிரபந்தம் என்னும் வடிவத்தைப் புலவர்கள் எடுத்துக்கொண்டபோது, தலத் தகுதிக்கு இடமுள்ள ஊர்களிலேயே அதனைப் பொருத்தியுள்ளனர் என்பதற்கு இவ்விரு நூற்பெயர்களும் சான்றாகின்றன.

திசையும் சமநிலையும்

தமிழகத்தில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காக அமைகிறது. கோவளத்தில் தொழுவோர் வங்கக் கடலுக்கு முதுகு காட்டி, நிலப்பரப்பை நோக்கி நிற்கின்றனர். மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலின் பெரிய கருவறை கடலை நோக்கியுள்ளது. கோயிலின் திசை அங்கு எழுந்தருளிய மூர்த்தியின் பார்வையைச் சார்ந்தது. பள்ளியின் திசையோ அப்பள்ளிக்கு வெளியே, தொலைவில் உள்ள ஒரே மையத்தைச் சார்ந்தது. ஒவ்வோர் ஊர்ப் பள்ளியும் மஸ்ஜிதுல் ஹராமோடு நேர் உறவு கொண்டிருப்பதால் இடைநிலைத் தலங்கள் தேவைப்படவில்லை. மூன்று பள்ளிகளின் தனிச்சிறப்பு ஏனையவற்றின் தகுதியைக் குறைப்பதற்காக அன்று. அவற்றைச் சமப்படுத்துவதாகவே அது செயற்படுகிறது.

முடிவுரை

பள்ளிவாசலின் புனிதம் இருவகைப்படும். மூன்று பள்ளிகளுக்குரியது இறைமொழியாலும் நபிமொழியாலும் அமைந்த தனிச்சிறப்பு. ஏனைய அனைத்துக்கும் உரியது வக்பினாலும் ஒழுகலாற்றாலும் அமைந்த பொதுப்புனிதம். தமிழகத் தலக் கருத்துக்கு அணுக்கமாக நிற்பது தர்காவே. ஊர்ப் பள்ளி அன்று. ஆகவே தமிழகப் பள்ளிகளை ஆராய்வோர் கல்வெட்டும் கட்டடமும் தரும் பழமையை வரலாற்றுத் தலைப்பிலும், தொழுகையும் வக்பும் தரும் புனிதத்தைச் சமயத் தலைப்பிலும் பிரித்து எழுதுதல் வேண்டும். ‘பள்ளி’, ‘தர்கா’, ‘தலம்’ என்னும் மூன்று சொற்களையும் ஒன்றற்கு ஒன்று மாற்றாக வழங்காமை இதற்கு முதற்படியாகும்.