கங்காணி இல்லாத புற்று

கேள்வி: பகாவ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஆள் உயரப் புற்று ஒன்று இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றுவார். இப்போது பேரன் கணினி படிக்கிறான். கறையான் புற்றெடுப்பதைக் கணினியில் போட்டுப் பார்க்கிறார்களாம், ராணியின் உத்தரவே தேவையில்லையாம். கங்காணி இல்லாமல் ஒரு நிரை மரம்கூட வெட்டி முடியாதே ஐயா! கண்ணில்லாத பூச்சிக்கு எப்படி முடிகிறது?
– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, நெகிரி செம்பிலான்

பதில்: பேரன் சொன்னது சரி. ராணிக்குக் கங்காணி வேலை தெரியாது. உப்பிய வயிற்றோடு ஓர் அறைக்குள் கிடந்து முட்டையிடுவதோடு சரி. ஆனாலும் உத்தரவு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைத் தருவது மண்.

பியர்-பால் கிராஸ்ஸே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் 1959இல் இதை எழுதினார். கறையான்களை மண்ணோடு தனியே விட்டுப் பார்த்தபோது, முதலில் அவை எச்சில் கலந்த மண்ணுருண்டைகளைக் கண்ட இடத்தில் வைத்தன. தற்செயலாக ஓரிடத்தில் நாலு உருண்டை சேர்ந்ததும் கதை மாறியது. அடுத்து வந்தவையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தன. குவியல் தூணானது. பக்கத்தில் இன்னொரு தூண் இருந்தால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து வளைவாயின. ஒரு கறையான் செய்துவைத்துப் போன வேலையே அடுத்ததைக் கூப்பிடுகிறது. இதற்கு அவர் வைத்த பெயர் ஸ்டிக்மெர்ஜி.

இதைக் கணக்காக்கியவர் பெல்ஜியத்தின் ழான்-லூயி டெனெபூர், 1977இல். புதிய உருண்டையில் ஒரு வாசனை உண்டு. அது காற்றில் பரவிக் கரையும். மண் சுமந்த கறையான் வாசனை கூடிய பக்கம் திரும்பும். இவ்வளவைத்தான் சமன்பாடுகளாக எழுதினார். தூண்கள் தாமாகவே எழுந்தன, அதுவும் ஏறக்குறையச் சம இடைவெளியில். எனக்குப் பிடித்தது அதிலுள்ள வேறொரு விஷயம். கறையான்களின் நெருக்கம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தூணே எழாது. முந்தைய உருண்டையின் வாசனை அடங்குவதற்குள் அடுத்தது வந்துசேர வேண்டுமல்லவா? பத்துக் கறையான் சேர்ந்தால் சின்னப் புற்றாவது வரும் என்று நினைக்காதீர்கள், ஒன்றுமே வராது.

ராணியை அடியோடு ஒதுக்கிவிடவும் கூடாது. அவள் உடலிலிருந்தும் வாசனை பரவுகிறது. மிக அருகிலும் இல்லாமல் மிகத் தள்ளியும் இல்லாமல், அந்த வாசனை ஓர் அளவில் இருக்கும் தூரத்தில் அவளைச் சுற்றிச் சுவர் எழும்புகிறது. கங்காணி என்பதைவிட, நடுவில் நட்டுவைத்த அளவுகோல் என்று சொல்லலாம்.

ஆனால் உருண்டையில் அப்படியொரு கட்டுமான வாசனை உண்மையிலேயே உண்டா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. மண்பரப்பின் வளைவும் அங்கே ஈரம் உலரும் வேகமுமே கறையானை நடத்துகின்றன என்று அண்மைச் சோதனைகள் சில சொல்கின்றன. திரையில் தூண் எழுந்துவிட்டது என்பதற்காகக் காட்டிலும் அதே விதிதான் என்று ஆகிவிடாது. பேரனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

பேரன் தொடங்குவதற்கு நெட்லோகோ என்ற இலவச மென்பொருளில் 'டெர்மைட்ஸ்' என்றொரு மாதிரி இருக்கிறது. விதி சின்னது: சும்மா அலை, மரத்துண்டு இடறினால் எடு, இன்னொரு துண்டில் முட்டினால் பக்கத்தில் இறக்கு. சிதறிக் கிடந்தவை குவியல்களாகும். போகப் போகக் குவியல்களின் எண்ணிக்கை குறையும். காலியான இடத்தில் மறுபடி எதையும் இறக்க வழியில்லை, அதனால்தான். ஹார்வர்டில் ராதிகா நாக்பால் குழு 2014இல் சின்ன ரோபோக்களை இதே பாணியில் கட்டைகள் அடுக்க வைத்தது. ஆனால் முடிவில் என்ன உருவம் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லித்தான் அவற்றை இறக்கிவிட்டார்கள். கறையானுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

கறையான் ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. ஜெலபுவின் பாசோ வனக்காப்பகத்தில் 1970களில் ஜப்பானியர்களான தகுயா அபேயும் ததாவோ மட்சுமோட்டோவும் கறையான்களைக் கணக்கெடுத்தார்கள். கறுப்பாக, பொந்துக்கு வெளியே படையாகப் போய்ச் சருகு அள்ளும் மேக்ரோடெர்மஸ் கார்பனேரியஸ் அங்கே உண்டு. தோட்டங்களில் அதிகம் காண்பது அதன் உறவான மேக்ரோடெர்மஸ் கில்வஸ். உங்கள் லயத்துப் புற்றும் அதுவாகவே இருந்திருக்கலாம்.

அம்மா பால் ஊற்றிய புற்று இன்னும் இருந்தால் அதைத் தொட வேண்டாம். செம்பனைக் காட்டோரம் வேறொரு புற்றில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் குச்சியால் ஒரு துளை போடுங்கள். முதலில் பெரிய தலையோடு சிப்பாய்கள் வரும்; கடித்தால் ரத்தம் வரும், கையை எடுத்துவிடுங்கள். பிறகு வேலைக்காரக் கறையான்கள் ஈர உருண்டையோடு வரும். முதல் உருண்டை எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு, பத்தாவது எங்கே விழுகிறது என்று பேரனோடு சேர்ந்து பாருங்கள்.