நிலா போன தடத்தில் திரும்பி வருவதில்லை

நம்பிக்கை: பூமியின் ஈர்ப்பில் கட்டுண்ட நிலா, மாதாமாதம் ஒரே தடத்தில் சுற்றுகிறது.

உண்மை: தடம் மூடிக்கொள்வதுதான் அபூர்வம். மையத்தை நோக்கி இழுக்கும் விசை எத்தனையோ விதமாக இருக்கலாம். அவற்றில் இரண்டில் மட்டுமே, கட்டுண்ட பொருள் எப்படிக் கிளம்பினாலும் பழைய தடத்துக்கே வந்து சேரும். 1873இல் பிரெஞ்சுக் கணிதர் ஜோசப் பெர்த்ரான் இதை நிறுவினார். ஒன்று, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் நியூட்டனின் ஈர்ப்பு. மற்றது, தொலைவுக்கு நேர்விகிதத்தில் கூடும் விசை.

இரண்டாவதை உத்திரமேரூரில் வீடு கட்டும் இடத்திலேயே பார்த்துவிடலாம். கொத்தனாரின் தூக்குக்குண்டை நீளமான நூலில் தொங்கவிட்டு, நாலு விரல் விலக்கி, பக்கவாட்டில் லேசாகத் தள்ளுங்கள். நீள்வட்டம் போட்டு அதே தடத்தில் வரும். ஒரு முழம் இழுத்துத் தள்ளினால் அந்த நேர்விகிதம் பிசகிவிடும். குண்டு சுற்றும் பக்கமாகவே நீள்வட்டமும் மெல்லத் திரும்பும். பள்ளியில் இதைச் செய்து காட்டாமல், படத்தில் மூடிய நீள்வட்டம் மட்டும் வரைவது பெரிய இழப்பு.

பூமி மட்டும் இழுத்திருந்தால் நிலாவின் தடமும் மூடியிருக்கும். சூரியனும் இழுக்கிறதே! அதனால் நிலா பூமியை நெருங்கும் இடம் நகர்ந்துகொண்டே போய், சுமார் 8.85 ஆண்டில் வானத்தை ஒரு சுற்று வந்துவிடுகிறது. விண்மீன்களை வைத்துப் பார்த்தால் நிலாவின் ஒரு சுற்று 27.32 நாள், ஒரு நெருக்கத்திலிருந்து அடுத்த நெருக்கத்துக்கு 27.55 நாள்.

நம்பிக்கை: இந்த வித்தியாசம் ஐரோப்பியர் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது.

உண்மை: வாக்கியப் பஞ்சாங்கத்தின் 248 சந்திர வாக்கியங்கள் அந்த 27.55 நாளின் மேல்தான் நிற்கின்றன. அப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் ஏறத்தாழ சரியாக 248 நாள். நாளுக்கு ஒரு வாக்கியம், அதன் எழுத்துகளே எண்கள். இந்த முறையைச் சொல்லும் ‘வாக்கியகரணம்’ சுமார் 1300இல் காஞ்சியில் எழுதப்பட்டதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். 1825இல் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்ததை பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் வந்த பிழை 4 நிமிடம்தான்.

தடம் ஏன் திரும்புகிறது என்ற காரணம் அந்த வாக்கியங்களில் இல்லை. நியூட்டனின் கணக்கிலேயே உண்மையான திருப்பத்தில் பாதிதான் கிடைத்தது. ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டுமோ என்று 1747இல் சந்தேகித்த பிரெஞ்சுக் கணிதர் கிளேரோ, 1749இல் கணக்கை இன்னும் நுட்பமாகப் போட்டபோது, சூரியனின் இழுப்பே முழுத் திருப்பத்தையும் தந்துவிட்டது.